படித்ததெல்லாம் தேர்வறையில் ஏன் வரவில்லை?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் ராத்திரி 11 மணி வரை புத்தகமும் கையுமாக இருந்தும் இயற்பியலில் 70க்கு 38ஐத் தாண்டவில்லை என்கிறீர்கள். இதில் நேரத்தின் மேல் தப்பில்லை. திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் கோளாறு. நாலாவது தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும், 'தெரியும்' என்று மனசு சொல்லிவிடும். பரீட்சை கேட்பதோ, புத்தகம் இல்லாமல் வருமா என்பதை.

ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56.

இதை ஒரு டெரிவேஷனில், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் கேள்வியில், வைத்துப் பார்ப்போம். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம். 15 நிமிடம் படம் போட்டுப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதட்டும். சிக்கினால் உடனே புரட்டக் கூடாது. இரண்டு வரி இடம் விட்டு மேலே போகணும். முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையில் எழுதணும். பெரும்பாலும் எங்கே சறுக்கும் தெரியுமா? இரண்டு மின்னூட்டங்களின் புலங்களைக் கழிக்கும் வரியிலும், கடைசி விடையில் வரும் 2ஐ விடுவதிலும். (நடுவரைக் கோட்டில் அந்த 2 கிடையாது, எதிர்க்குறி உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால்தான் குழப்பம் தீரும்.) மறுநாள் சிவப்பு வரிகளை மட்டும், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் முழுசாக.

கணக்குகளைச் சாய்ஸில் விடுகிறானா என்றும் பாருங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியில் 9க்கு 6, மூன்று மதிப்பெண்ணிலும் 9க்கு 6 எழுதணும். இரண்டிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு. அது பெரும்பாலும் கணக்காகத்தான் வரும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15க்கு, பாடத்தின் கடைசியில் இருக்கும் புக் பேக் வினாக்களை ஒப்பித்தால் போதாது; 'இ' என்று மட்டும் நினைவு வைத்த பிள்ளை, விடைகளின் வரிசை மாறினால் திணறும். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி சொல்லத் தெரியணும்.

ஞாயிறுதோறும் ஒரு முழுத்தேர்வு: 10 மணிக்கு வினாத்தாள், 10.15க்கு எழுதத் தொடங்கி 1.15க்குப் பேனாவை வைத்துவிடணும். போன் வேறு அறையில். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, எதிர்வீட்டுப் பையன் நாலு மணிக்கே எழுந்தாலும் சரி.

எத்தனை மணி நேரம் படித்தான் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். போன வாரத்தை விடச் சிவப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே வரி மூன்று தாளிலும் சிவப்பாக இருந்தால், அந்த வரியை மட்டும் அவனுடைய ஆசிரியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.