ஒரு நாளைக்கு 300 ரூபா தானே, அக்கா?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 220,000 ரூபா வரும். வீட்டு டிவியில் கோடு கோடாக விழுகிறது. அம்மாவுக்கு 71 வயது, பகலில் தனியே இருக்கிறார். நாடகமும் செய்தியும்தான் அவருக்குத் துணை. உயர்தரம் படிக்கும் மகன் இரவில் தன் அறையில் பிளேஸ்டேஷன் 4 விளையாடுவான். கடையில் 43 அங்குலத்தில் இரண்டு பார்த்தோம். ஒன்று ஐபிஎஸ் பனல், 4கே, 124,000 ரூபா. மற்றது விஏ பனல், ஃபுல் எச்டி, 92,000. ஐபிஎஸ் வகையிலேயே 32 அங்குலம் 52,000க்கு இருந்தது, தம்பி சின்னது என்று தள்ளிவிட்டான். பெரியது இரண்டையும் என் கிரடிட் கார்டில் 24 மாத வட்டியில்லாத் தவணைக்கு எடுக்கச் சொல்கிறான். பதிவுக் கட்டணம் 6 வீதமாம். "மாதம் 9,000, ஒரு நாளைக்கு 300 ரூபா தானே, அக்கா" என்கிறான். கார்டில் ஏற்கெனவே 318,000 நிற்கிறது. போன வருடம் தம்பிக்கு 185,000க்கு ஃபோன் எடுத்துக் கொடுத்ததில் தொடங்கியது. மாதம் 7,700 தருவதாகச் சொன்னான், 11 மாதத்தில் 5 தடவை தந்தான். அதுவும் வீட்டுச் செலவோடு போய்விட்டது. பாங்க் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. 150,000 ரூபா நிலையான வைப்பு 8 வீத வட்டியில் அடுத்த மாதம் முதிர்கிறது. கார்ட் பில்லையும் அனுப்பியிருக்கிறேன். இரவில் நித்திரையும் வருவதில்லை. எந்த டிவியை எடுப்பது?

பதில்: சகோதரி, டிவியை முதலில் முடித்துவிடுவோம். அது சுலபம்.

அம்மா டிவிக்கு நேரே உட்கார்ந்து பார்ப்பவராக இருக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டு, குசினி வாசலில் நின்றுகொண்டு, பக்கவாட்டில்தான் பாதி நாடகம் ஓடும். அவருக்கு ஐபிஎஸ் பனல் சரி. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் முகங்கள் வெளிறாது. விஏ பனலில் நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஓரத்துக்குப் போனால் நிறம் மங்கிவிடும். இரவில் லைட்டை அணைத்துவிட்டு நேர் எதிரே இருந்து விளையாடும் மகனுக்கு அது பொருந்தும். ஐபிஎஸ்ஸை இருட்டறையில் வைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பகல் வெளிச்சம் நிறைந்த ஹோலில் அந்தக் குறை கண்ணில் படாது.

4கே என்றால் ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு நுணுக்கமான படம். அதற்காக அதிகம் கொடுக்க வேண்டிய தேவை உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. சக்தி, வசந்தம் சனல்கள் 4கேயில் வருவதில்லை. மகனின் பிளேஸ்டேஷன் 4, ப்ரோ மொடல் இல்லையென்றால், ஃபுல் எச்டிக்கு மேல் படம் அனுப்பாது. பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் தூக்கலாகத் தெரியும் படம்) என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். இந்த விலை டிவிகளில் அதைக் காட்டப் போதிய வெளிச்சமே கிடையாது.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில்: ஹோலுக்கு ஐபிஎஸ், அறைக்கு விஏ. ஆனால் இப்போது இரண்டையும் வாங்காதீர்கள். கார்டில் ஒன்றைக்கூட வாங்காதீர்கள்.

நித்திரை வராததற்குக் காரணம் டிவி இல்லை. கடிதத்தில் நீங்கள் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான்: "குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை." கணக்கு வழக்கில் ஒழுங்கானவர் என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் இத்தனை நாள் உங்களைத் தின்றுகொண்டிருப்பதும் அந்தப் பழக்கம்தான். பில்லைப் பாருங்கள். குறைந்தபட்சம் 5 வீதம், அதாவது 15,900 ரூபா. வட்டி வருடத்துக்கு 28 வீதம், 318,000க்கு மாதம் சுமார் 7,400. நீங்கள் கட்டும் 15,900இல் கடனைக் குறைப்பது எட்டாயிரத்துச் சொச்சம்தான். அப்புறம் அதே மாதம் கார்டில் சாமான் வாங்கினால் அந்த எட்டாயிரமும் திரும்ப ஏறிவிடும். முழுத்தொகை கட்டாதவருக்குப் புதிதாக வாங்குவதில் வட்டியில்லா நாட்களும் இல்லை.

இதற்கு மேல் தம்பியின் 300 ரூபாவை வைத்துப் பார்ப்போம். 216,000 ரூபா சாமானுக்கு 6 வீதம் பதிவுக் கட்டணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 12,960. வட்டியில்லை என்று சொல்லி முதல் நாளே பதின்மூவாயிரம் வாங்கிக்கொள்கிறார்கள். பில்லை முழுதாகக் கட்டும் ஒருவருக்கு அதுகூடப் பெரிய குற்றமில்லை. உங்களுக்குத்தான் ஆபத்து. உங்கள் பில்லில் மாதத் தவணையும் மொத்தக் கடனோடு சேர்ந்து, அந்த மொத்தத்தில்தான் 5 வீதம் கேட்கிறார்கள். 9,000 தவணை விழுந்தால் அதில் அந்த மாதம் நீங்கள் கட்டுவது 450. மிச்சம் 8,550 நேரே 28 வீத வட்டிக்குள் போகும். மறு மாதம் இன்னொரு 8,550. வட்டியில்லாத் தவணை உங்கள் கையில் வட்டிக் கடனாக மாறுவது இப்படித்தான்.

24 மாதத்தையும் கடுதாசியில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம் தவறாமல் கட்டிக்கொண்டு போகிறீர்கள். இரண்டு வருடத்தில் நாலு இலட்சத்துக்குக் கிட்ட பாங்குக்குப் போகிறது. முடிவில் கார்டில் நிற்பது ஏறக்குறைய 335,000. தொடங்கிய இடத்தைவிடக் கூட. அதற்குள் டிவியின் வாரண்டி முடிந்திருக்கும். வட்டி 28இலேயே நிற்கும் என்றும் எந்த பாங்கும் எழுதித் தராது. 2022இல் அது எங்கே போனது என்று கார்ட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. 5 மாதம் 7,700 தந்தார், 38,500 ரூபா. அது கார்டுக்குப் போகவேயில்லை. மீனுக்கும் மகனின் டியூஷனுக்கும் போய்விட்டது. அவர் கணக்கில் அவர் கட்டியவர், பாங்கின் கணக்கில் யாருமே கட்டவில்லை. கையில் காசாக வாங்கும் வரை இது இப்படியே நடக்கும். இனிமேல் அவர் உங்கள் கையில் ஒரு சதமும் தரக்கூடாது. கார்ட் எண்ணைக் கொடுங்கள், தன் பாங்க் ஆப்பில் இருந்து நேரே அதற்கே போடட்டும். தராமல் விட்ட 6 மாதத்தையும் இதே வழியில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். பிந்தினால் கிரிப் அறிக்கையில், அதாவது பாங்குகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கையில், கறுப்புப் புள்ளி விழுவது உங்கள் பெயரில். நாளைக்கு ஒரு வீட்டுக் கடனுக்குப் போனால் அந்த அறிக்கையைத்தான் விரித்து வைப்பார்கள், தம்பியின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

இன்னொன்று. பாங்குக்கு ஃபோன் எடுத்து கார்டின் எல்லையை இப்போதைய கடனளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தான் முன்வருவார்கள், குறைக்கச் சொல்வது உங்கள் உரிமை. அதன் பிறகு தம்பியோ சித்தி வீட்டாரோ கேட்டால் "கார்டில் இடமில்லை" என்று உண்மையையே சொல்லலாம். உங்களைப் போன்றவர்களுக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

மாதம் 9,000 புதிதாகக் கட்டலாம் என்று நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் காசைக் கடைக்குக் கொடுக்காமல் கார்டுக்குக் கொடுங்கள். இப்போது கட்டும் பதினாறாயிரத்தோடு சேர்த்து 25,000. பில்லில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், கடன் குறையக் குறைய அதுவும் குறைந்து உங்களை ஏய்க்கும். சம்பளம் விழுந்த மறுநாளே 25,000 போய்விட வேண்டும். கார்டில் புதிதாக எதுவும் வாங்காவிட்டால் 15, 16 மாதத்தில் கடன் முடியும், வட்டி மொத்தம் 65,000க்குள் நிற்கும். தம்பியின் 7,700உம் ஒழுங்காக வந்தால் பன்னிரண்டாவது மாதத்தில் முடியும்.

மூன்று தவணையாகப் பிரித்துத் தரும் ஆப்கள் இப்போது காலி வீதிக் கடைகள் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கின்றன. கார்ட் இல்லாவிட்டால் தம்பி அடுத்து அதைத்தான் காட்டுவார். கடன் அடையும் வரை அதையும் தொட வேண்டாம்.

அம்மாவுக்கு டிவி வேண்டும், அதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். பகல் முழுக்கத் தனியே இருக்கும் ஒருவருக்கு அது ஆடம்பரம் இல்லை. வைப்பு முதிரும்போது 52,000 எடுத்து அந்த 32 அங்குல ஐபிஎஸ்ஸைக் காசுக்கு வாங்குங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஹோலில் ஆறேழு அடி தூரத்துக்கு 32 போதும். இழப்பது வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் வட்டி, அவ்வளவுதான். மிச்சம் 98,000ஐத் திரும்ப வைப்பில் போடுங்கள். அதையும் கார்டில் போட்டால் வட்டி மிச்சமாகுமே என்று கேட்பீர்கள். கணக்குப்படி உண்மைதான். ஆனால் 71 வயது அம்மா இருக்கும் வீட்டில் அவசரத்துக்குக் காசு இல்லாவிட்டால் அன்றிரவே கார்ட் மறுபடி வெளியே வரும். அதனால் அது அங்கேயே இருக்கட்டும்.

மகன் பரீட்சை முடியும் வரை பொறுக்கட்டும். கார்ட் அடைந்த பிறகு அதே 25,000ஐ 4 மாதம் சேர்த்தால் ஒரு இலட்சம், விஏ டிவியைக் கைக்காசுக்கே வாங்கலாம். அப்போது இதைவிட நல்லது இதே விலைக்கு வந்திருக்கவும் கூடும்.

கடைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர்கள் ஓடவிடும் மினுமினுப்பான 4கே காட்சியை நிறுத்தச் சொல்லி, சாதாரணச் செய்திச் சனலைப் போடச் சொல்லுங்கள். நேரே நிற்காமல் ஓரத்தில் நின்று செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பாருங்கள். காசுக்கு எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று தவணைப் பேச்சு தொடங்கும் முன்பே கேளுங்கள். மெரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் கடல் பார்த்த ஜன்னலுக்கு அருகில் வைக்க வேண்டாம், உப்புக் காற்று பின்பக்கச் செருகிகளை அரித்துவிடும்.