ஒரே உபகாரச் சம்பளம்: தோழிக்கு வரி திரும்பி வந்தது, என் மகளுக்கு?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறோம். மகள் தொடக்கப்பள்ளி முதல் இங்கேயே படித்தவள். 2024 ஆகஸ்டில் எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்குப் பட்டப்படிப்புக்குப் போனாள். பல்கலைக்கழகமே முழு உபகாரச் சம்பளம் தருகிறது. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஒவ்வொரு பருவமும் அவள் மாணவர் கணக்கில் 700 டாலர் வரி என்று பில் வருகிறது. இதுவரை கட்டியிருக்கிறோம், வேறு எதுவும் செய்யவில்லை. அவளுடன் தங்கியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கும் இதே உபகாரச் சம்பளம். அவள் கட்டியது முழுவதும் திரும்பி வந்துவிட்டதாம். இருவரும் இந்தியர்கள்தானே?
- பொங்கோல் வாசகி

பதில்: முதலில் அந்த 700 டாலர். அமெரிக்கச் சட்டப்படி, பட்டத்துக்குப் படிக்கும் மாணவரின் உபகாரச் சம்பளத்தில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானம். எஃப்-1 மாணவருக்கு அதில் 14 விழுக்காட்டைப் பல்கலைக்கழகம் பிடித்துக் கட்டியாக வேண்டும். விடுதிச் செலவு பணமாக மகள் கைக்கு வருவதில்லையே, எதிலிருந்து பிடிப்பார்கள்? அதனால்தான் பில். பருவத்துக்கு 5,000 டாலர் என்றால் 700 சரியாகத்தான் வருகிறது.

இனி தோழியின் கதை. வெளிநாட்டு மாணவர்களுக்கு, அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு (வருமானத்தில் இவ்வளவுக்கு வரி இல்லை என்று கழித்துவிடும் தொகை) கிடையாது. முதல் டாலரிலிருந்தே வரி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. இந்தியாவும் அமெரிக்காவும் 1989இல் கையெழுத்திட்ட வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, இந்தியாவிலிருந்து போகும் மாணவருக்கு அந்தக் கழிவைத் தருகிறது. 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். தோழியின் இரு பருவத்து 10,000 டாலர் அதற்குள் அடங்கிவிட்டது, பிடித்த 1,400 டாலரும் திரும்பிவிட்டது.

உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. அந்தப் பிரிவு பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவுக்கு வருவதற்குச் சற்று முன்பு எந்த நாட்டில் வசித்தார் என்பதைத்தான் கேட்கிறது. உங்கள் மகள் சிங்கப்பூர்வாசி. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இப்படிப்பட்ட வருமான வரி ஒப்பந்தமே இல்லை. கப்பல், விமானப் போக்குவரத்து வருமானம் பற்றியும் தகவல் பரிமாற்றம் பற்றியும் உள்ள உடன்பாடுகள் மாணவருக்கு உதவாது. இத்தனை நாடுகளோடு வரி ஒப்பந்தம் போட்டிருக்கும் சிங்கப்பூருக்கு அமெரிக்காவோடு மட்டும் இல்லையா என்று பலர் நம்ப மறுப்பார்கள். இல்லைதான். விடுமுறையில் தாத்தா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால் இந்தியாவாசி ஆகிவிடலாமா என்றும் கேட்பார்கள். ஆகாது.

ஆனாலும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம் இருக்கிறது. பிடித்தம் 14 விழுக்காடு, உண்மையான வரியோ முதல் 11,925 டாலர் வரை (2025க்கு) 10 விழுக்காடுதான். மார்ச் நடுவில் பல்கலைக்கழகம் 1042-எஸ் என்ற படிவம் தரும். அதில் முதல் கட்டத்தில் 16 என்றிருந்தால் உபகாரச் சம்பளம் என்று பொருள். இரண்டாம் கட்டத்தில் 10,000, 7ஏ கட்டத்தில் 1,400 இருக்க வேண்டும். இந்த எண்களை வெளிநாட்டவருக்கான வரிக் கணக்குப் படிவமான 1040-என்ஆரில் ஏற்றினால் வரி 1,000 டாலர், மீதி 400 திரும்ப வரும். ஏப்ரல் 15க்குள் அமெரிக்க வரித் துறைக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே, வெளிநாட்டு மாணவர் என்ற நிலையைத் தெரிவிக்கும் 8843 படிவமும் போக வேண்டும். வருமானமே இல்லாத ஆண்டிலும் அதை அனுப்பியே ஆக வேண்டும்.

2024க்கும் அனுப்பவில்லை என்று தெரிகிறது. அந்த ஒரு பருவத்துக்கு 200 டாலர் வர வேண்டும். கெடு தாண்டிவிட்டாலும், திரும்பப் பெற மூன்றாண்டு அவகாசம் உண்டு, விட்டுவிடாதீர்கள். மகளுக்கு வளாகத்தில் வேலை இருந்தால் சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும். இல்லாவிட்டால் டபிள்யூ-7 படிவத்தை வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்பி வரி எண் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோழி செய்ததைப் பார்த்து அப்படியே செய்வது, அல்லது அமெரிக்கர்கள் பயன்படுத்தும் சாதாரண வரி மென்பொருளில் நிரப்புவது, இரண்டுமே வம்பு. அந்த மென்பொருள் உங்கள் மகளை அமெரிக்கவாசியாக எடுத்துக்கொண்டு கழிவையும் கல்விக்கான வரிச் சலுகையையும் வாரிக் கொடுக்கும். பணம் வந்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அப்புறம் திருத்தக் கணக்கு போட்டு அதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி மென்பொருள்கள் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே தருகின்றன. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். மாநில வரி தனி. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் அந்தத் தொல்லை இல்லை.

வளாக வேலைச் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று 7.65 விழுக்காடு பிடித்திருக்கிறார்களா என்றும் சம்பளச் சீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் அது பிடிக்கக் கூடாது. ஆகஸ்டில் போயிருந்தாலும் 2024 முழு ஆண்டாகவே எண்ணப்படும், ஆக 2028 வரை. அதன் பிறகும் அங்கேயே இருந்தால், 2029இல் வரிக் கணக்கில் அமெரிக்கவாசி ஆகிவிடுவாள். அப்போது நிலையான கழிவு கிடைக்கும், ஆனால் உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் காட்ட வேண்டும்.

நீங்கள் மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு அங்கே வரி இல்லை. முழுநேரப் படிப்புக்கான உபகாரச் சம்பளத்துக்குச் சிங்கப்பூரிலும் வரி இல்லை. இளையவர் யாராவது பின்னால் போவதாக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: பணம் தருவது பொதுச் சேவை ஆணையம் போன்ற சிங்கப்பூர் அமைப்பு என்றால், அது அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த வருமானம். விடுதிச் செலவுக்கான பங்குக்கும் அமெரிக்கா இந்த வரியைக் கேட்காது.