கண்ட்ரோல்-சி கையால் அடித்தால் வேலை செய்கிறது, சோதனையில் செய்யவில்லையே?

கேள்வி: பெயரைக் கேட்டு வாங்கும் பாஷ் (லினக்ஸ் கட்டளை ஷெல்) ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். உள்ளீட்டை வாங்கும் ரீட் கட்டளை காத்திருக்கும்போது கண்ட்ரோல்-சி அடித்தால் 'ரத்து' என்று காட்ட ட்ராப் (சிக்னல் வந்தால் ஓட வேண்டியதைச் சொல்லும் வரி) வைத்திருக்கிறேன். கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. சோதனை ஸ்கிரிப்டிலிருந்து ஆம்பர்சண்ட் (&) போட்டுப் பின்னணியில் ஓட்டி, கில் கட்டளை மூலம் சிக்இன்ட் (SIGINT, கண்ட்ரோல்-சி அனுப்பும் அதே சிக்னல்) அனுப்பினால் எதுவும் வருவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் ட்ராப்பில் தவறு இல்லை, சோதிக்கும் முறையில்தான் சிக்கல். ஒரு ஸ்கிரிப்டுக்குள் ஆம்பர்சண்ட் போட்டு எதை ஓட்டினாலும், சிக்இன்டைக் கண்டுகொள்ளாத நிலையில்தான் ஷெல் அதைத் தொடங்கிவைக்கும். அப்படிப் பிறந்த பாஷ் ஸ்கிரிப்ட் பிறகு ட்ராப் வைத்தாலும் பலிக்காது. பிழைச் செய்தியும் வராது. லினக்ஸில் அந்த ப்ராசஸின் (ஓடும் நிரலின்) ப்ராக் (/proc) கோப்பகத்தில் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, கண்டுகொள்ளாத சிக்னல்களைக் காட்டும் சிக்இக்ன் (SigIgn) வரியைப் பாருங்கள். கடைசி இலக்கம் 6 என்று இருக்கும். அதில் 2 சிக்இன்டுக்கு, 4 சிக்க்விட் (SIGQUIT) என்ற இன்னொரு சிக்னலுக்கு. போதாததற்கு, உள்ளீடும் எப்போதும் காலியாக இருக்கும் டெவ்-நல்லுக்கு (/dev/null) திருப்பப்பட்டிருக்கும். ரீட் காத்திருக்கவே இல்லை, வந்த வேகத்தில் திரும்பிவிட்டது.

சரி, இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் கில் போதுமா? போதாது. கில் ஒரே ஒரு ப்ராசஸுக்குச் சிக்னல் அனுப்புகிறது. கண்ட்ரோல்-சி அடித்தால் டெர்மினல் டிரைவர் முன்னணியில் உள்ள ப்ராசஸ் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. அதுவரை அடித்த அரைகுறை எழுத்துகளையும் அழித்துவிடுகிறது. 'கும' என்று அடித்து, கண்ட்ரோல்-சி, பிறகு 'ரன்' அடித்து என்டர் தட்டிப் பாருங்கள்: மாறியில் 'ரன்' மட்டும் இருக்கும். நடுவில் வந்தது கில் என்றால் 'குமரன்' முழுதாக இருக்கும். பயனர் சந்திக்கப்போவது முதல் நிலைமையைத்தான், அதனால் சோதிக்க வேண்டியதும் அதையே.

எனவே உண்மையான டெர்மினல் போலவே நடந்துகொள்ளும் போலி டெர்மினல் வேண்டும். அதை உருவாக்கி, விசை அடிப்பதுபோல் எழுத்துகளை அனுப்பும் எக்ஸ்பெக்ட் என்ற கருவியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பைத்தானில் பழகியவர்களுக்கு பிஎக்ஸ்பெக்ட். ஸ்கிரிப்டை அதற்குள் ஸ்பான் செய்து (தொடங்கி), 'பெயர்:' என்ற ப்ராம்ப்ட் வரும்வரை காத்திருந்து, எட்டடிமான (ஆக்டல்) எண்ணில் 003 ஆன எழுத்தை, அதாவது கண்ட்ரோல்-சியை, அனுப்புங்கள். அப்புறம் 'ரத்து' வருகிறதா என்று பாருங்கள். ஸ்லீப் 1 என்று போட்டு நேரத்தை ஊகிக்க வேண்டாம், மெதுவான கணினியில் அது என்றாவது காலை வாரும். ட்ராப் வரி ப்ராம்ப்டுக்கு முன்னால் இருக்கட்டும்.

செய்தி வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ட்ராப்பில் எக்ஸிட் இல்லையென்றால் பாஷ் வழக்கமாக அதை ஓட்டிவிட்டு மறுபடி ரீட்டிலேயே காத்திருக்கும். போசிக்ஸ் (ஷெல்களுக்கான பொதுத் தரநிலை) முறையில் ரீட் 128-க்கு மேற்பட்ட முடிவு எண்ணோடு திரும்பிவிடும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதையும் சோதனையில் சேருங்கள். ட்ராப் இல்லாத ஸ்கிரிப்ட் சிக்இன்டால் இறந்தால் முடிவு எண்ணாக ஷெல்லில் 130 தெரியும், பைத்தானின் சப்ப்ராசஸ் தொகுதியில் -2 தெரியும். இரண்டும் ஒரே முடிவுதான்.