மேடிசன் கவுன்ட்டியின் கூரைப் பாலங்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வயலும் பண்ணையுமாகக் கிடக்கும் மேடிசன் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) மரப்பாலங்கள் பற்றியும், அவை இடம்பெற்ற தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு (பழைமைச் சிறப்புள்ள இடங்களின் அமெரிக்க அரசுப் பட்டியல்) பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கே: அண்ணா, பாலத்துக்கு எதற்குக் கூரை? பனிக்கு ஒதுங்கவா?

ப: ஆளுக்காகப் போட்ட கூரை இல்லை, மரத்துக்காகப் போட்டது. பாலத்தின் தளத்தில் இருக்கும் பெரிய மரங்கள்தான் விலை கூடியவை. மழையில் இற்றுப்போனால் மாற்றி மாளாது. பக்கப் பலகையும் கூரையும் அதைவிட மலிவு. கவுன்ட்டி நிர்வாகம் போட்ட சிக்கனக் கணக்கு அவ்வளவுதான்.

கே: ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா சார்?

ப: கார் இருந்தால் தாராளமாக. ஒரு காலத்தில் 19 இருந்தன, இப்போது 6. ஹாலிவெல் (1880) 122 அடி, இருப்பதிலேயே நீளம். 1990களில் வந்த நாவலும் படமும் பிரபலமாக்கியது ரோஸ்மனை (1883). எனக்குப் பிடித்தது ஹாக்பேக் (1884). கட்டிய இடத்தைவிட்டு நகரவே இல்லை. மூன்றையும் கட்டியவர் பென்டன் ஜோன்ஸ்.

கே: பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாது, சரிதானே?

ப: இல்லை. எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தப் பதிவேடு ஒரு கௌரவம், காவல்காரன் இல்லை. கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ ஒரு திட்டத்தில் இருந்தால், பழைய கட்டடத்துக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய வேண்டும். ஆராய்ந்த பிறகும் இடிக்கலாம். தனியார் தன் சொந்தக் காசில் இடித்தால் பதிவேடு குறுக்கே வராது. தடுக்கும் பல் இருப்பது ஊர்ச் சட்டத்துக்குத்தான், அதுவும் அந்த ஊர் அப்படி ஒன்றைப் போட்டிருந்தால்.

கே: அந்தக் கவுன்ட்டியில் உள்ள வின்டர்செட் ஊரின் நீதிமன்றச் சதுக்கத்தில் ஒரு பழைய கடையைப் பார்த்து வைத்திருக்கிறோம். அது வரலாற்று வட்டாரமாம், அதாவது பகுதி முழுவதுமே பதிவேட்டில் இருக்கிறதாம். பெயின்ட் அடிக்கக்கூட அனுமதி வேண்டுமா?

ப: பதிவேட்டைப் பொறுத்தவரை வேண்டாம். நகர நிர்வாகத்தின் விதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வரிச்சலுகை வேண்டுமென்றால் கதை வேறு. வருமானம் தரும் கட்டடத்தைத் தகுந்த முறையில் புதுப்பித்தால், செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரியில் கழியும், ஐந்து ஆண்டுகளில் பிரித்து. வட்டாரத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது, அதன் வரலாற்று மதிப்புக்குப் பங்களிக்கும் கட்டடமாகவும் இருக்க வேண்டும். தயவுசெய்து முதலில் விண்ணப்பம், அப்புறம் சுத்தியல். பழைய ஜன்னல்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து கேட்டால் யாராலும் உதவ முடியாது. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

கே: சீடர் பாலத்தைப் பதிவேட்டிலிருந்து ஏன் நீக்கினார்கள்?

ப: 2002இல் யாரோ தீ வைத்தார்கள், எரிந்துபோனது. 2004இல் அதேபோலக் கட்டினார்கள். ஆனால் பதிவேடு மதிப்பது 1883ஆம் ஆண்டு மரத்தை, அதன் நகலை இல்லை. 2017இல் அந்த நகலுக்கும் தீ வைத்தார்கள். 2019இல் மூன்றாவது பாலம் வந்தது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நிற்கும் காய்ந்த மரத்துக்கு எந்தப் பட்டியலும் பாதுகாப்பு ஆகாது. மறுபடி மறுபடி எழுப்பியது ஊர்க்காரர்களின் பிடிவாதம்.

கே: கட்லர்-டோனஹோ பாலம் இப்போது பூங்காவில் இருக்கிறதே? இடம் மாறினால் தகுதி போகாதா?

ப: பொதுவாகப் போகும். கட்டுமானமே முக்கியச் சிறப்பு என்றால் விலக்கு உண்டு. அதை வின்டர்செட் பூங்காவுக்கு மாற்றியது 1970இல், பதிவேட்டில் சேர்த்தது 1976இல்.

கே: உரிமையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால்?

ப: தனியார் கட்டடம் என்றால் பட்டியலில் சேராது. வட்டாரம் என்றால், தனியார் உரிமையாளர்களில் பாதிக்குமேல் எழுத்தில் மறுத்தால் நின்றுவிடும்.

கே: பாலம் தவிர வேறென்ன பார்க்கலாம்?

ப: வின்டர்செட்டில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய நீதிமன்றத்தை விடாதீர்கள். நடிகர் ஜான் வெய்ன் பிறந்த வீடும் அதே ஊரில்தான். பாலத் திருவிழா அக்டோபரில். தங்க இடம் முன்பே பிடித்துவிடுங்கள்.