மாயப் போர்வை முதல் பின்னல் ஸ்வெட்டர் வரை: கண்மறைப்பு ஆடைகள் பற்றிய கேள்வி பதில்

கண்ணுக்கும் கேமராவுக்கும் தப்பும் ஆடைகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒளியியலும் துணியும் சேரும் இடம்தான் என் வேலை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, புதர் முன்னால் நிற்பவர் ஒரு விரிப்பை எடுத்துப் பிடித்ததும் மறைந்துபோகும் வீடியோ வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, நிஜமா?

பதில்: இல்லை தம்பி. பச்சைத் துணியும் எடிட்டிங்கும்தான். முதலில் ஆளில்லாத பின்னணியைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு துணி இருக்கும் இடத்தில் அதை ஒட்டிவிடுவார்கள். துணியின் ஓரங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், ஒட்டு தெரியும்.

கேள்வி: அப்படியானால் உண்மையான மாயப் போர்வை எப்போது வரும்? 2006-லேயே கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேனே.

பதில்: படித்தது சரிதான், ஆனால் அது போர்வை அல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி கோட்பாட்டைக் கொடுக்க, டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷூரிக், டேவிட் ஸ்மித் குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். சர்க்யூட் போர்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு செம்பு உருளையை வைத்தார்கள். வந்த அலை உருளையில் மோதாமல் வளைந்து சுற்றிப் போய், மறுபக்கம் ஏறக்குறைய பழைய வடிவிலேயே சேர்ந்தது. அப்போதும் லேசாக நிழல் விழுந்தது. மறைந்ததும் நுண்ணலைக்கு (மைக்ரோவேவ்) மட்டும்தான். நம் கண்ணுக்கு அந்த உருளை பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அலையை இப்படி வளைக்கவென்றே வடிவமைக்கும் செயற்கைப் பொருளுக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். அதன் நுண்ணமைப்பு, அந்த அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நுண்ணலையின் நீளம் சில சென்டிமீட்டர், எனவே மில்லிமீட்டர் அளவு செம்புக் கோடுகள் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதற்குள் அடங்கும் வடிவங்களை ஒரு மேலங்கியின் பரப்பு முழுக்கச் செதுக்க வேண்டும். 2015-ல் பெர்க்லியில் சியாங் ஷாங் குழு 80 நானோமீட்டர் தடிமனுள்ள தங்க நுண் ஆன்டெனா உறை ஒன்றைச் செய்தது. அது மறைத்த பொருளின் அகலம் 36 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 36 பங்கு. அதுவும் 730 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் மட்டும். எல்லா நிறத்துக்கும், எல்லாக் கோணத்துக்கும், நடக்கும்போது கசங்கும் துணியில் இதைச் செய்வதற்கு இன்றைக்கு வழி இல்லை.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒளி முழுவதும் உங்களைச் சுற்றிப் போனால் உங்கள் கண்ணுக்குள்ளும் எதுவும் வராது. உள்ளே இருப்பவருக்குக் கும்மிருட்டுதான்.

கேள்வி: ஜப்பானில் ஒருவர் கோட் போட்டதும் பின்னால் இருப்பவர்கள் தெரிந்தார்களே, அது என்ன மேடம்?

பதில்: டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சுசுமு தாச்சி 2003-ல் காட்டியது. பின்னால் ஒரு கேமரா, முன்னால் ஒரு புரொஜெக்டர். பின்னணிப் படம் கோட்டின் மேல் விழுகிறது. கோட்டில் இருப்பது வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்மணிகள். பார்ப்பவர் சரியான இடத்தில், பாதி ஒளியைக் கடத்தும் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் ஜாலம் வேலை செய்யும்.

ஃபேஷனுக்கு வந்து சேர்ந்தது புரொஜெக்டர் அல்ல, அந்தத் துணி. சாலைப் பணியாளர் சட்டையில் மின்னும் பட்டையும் இதே குடும்பம்தான். அதைக் கழுத்துத் துண்டாக அணிந்தவரை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், துண்டு எரிவதுபோல் வெளுத்து, கேமரா அதற்கேற்ப ஒளியைக் குறைக்க, முகம் கருத்துப்போகும். பிரபலங்களைத் துரத்தும் புகைப்படக்காரர்களைச் சமாளிக்க என்றே விற்கிறார்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் அது வெறும் சாம்பல் நிறத் துண்டு.

கேள்வி: கனடா நிறுவனம் ஒன்றின் 'குவான்டம் ஸ்டெல்த்' தாளில் சட்டை தைக்கலாமா?

பதில்: தைக்க முடியாது. ஹைப்பர்ஸ்டெல்த் நிறுவனம் 2019-ல் விளம்பரப்படுத்திய அந்தத் தாள், வரிவரியான லென்ஸ்கள் கொண்ட பிளாஸ்டிக். சாய்த்தால் படம் மாறும் பிளாஸ்டிக் ஸ்கேலை நினைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கும் ஆளுக்கும் இடைவெளி இருந்தால்தான் ஆள் கரைந்து, பின்னணி நீண்ட வரிகளாகப் படரும். உடம்போடு ஒட்டினால் ஆள் தெரிந்துவிடுவார். பெயரில் இருக்கும் 'குவான்டம்' வியாபாரத்துக்கு.

கேள்வி: வெப்பக் கேமராவுக்குத் தப்ப முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். உடம்பு விடும் வெப்பக் கதிர்களை இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் 8–14 மைக்ரான் அலைநீளத்தில் பார்க்கின்றன. வெள்ளிப் பூச்சு ஏறிய துணி அந்தக் கதிரை வெளியே விடாது. கலைஞர் ஆடம் ஹார்வி 2013-ல் ஆடை வடிவமைப்பாளர் ஜொஹானா புளூம்ஃபீல்டுடன் சேர்ந்து இந்தத் துணியில் 'ஸ்டெல்த் வேர்' வரிசையைத் தைத்தார். ட்ரோன்களுக்கு எதிரான ஹூடி, பர்தா எல்லாம் அதில் உண்டு.

ஆனால் கேமரா வெற்றுத் துணியைக் காண்பதில்லை, துணியில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறத்தைக் காண்கிறது. திறந்த வெளியில் அது குளிர்ந்த வானம், கேமராத் திரையில் கறுப்பாக விழும். வெதுவெதுப்பான தரையின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு ஆள் வடிவம் நகர்ந்தால் காவலருக்குச் சந்தேகம் வராதா? உள்ளே அடைபட்ட வெப்பம் வேறு. வியர்த்துக் கொட்டும். இதற்கு மாற்றாக, மின்னழுத்தத்தால் வெப்பக் கதிர்வீச்சைக் கூட்டிக் குறைக்கும் கிராஃபீன் (கார்பன் அணுக்களின் மெல்லிய படலம்) துண்டுகள் பதித்த ஜாக்கெட்டை 2022-ல் வோல்பாக் நிறுவனம் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு செய்து காட்டியது. அந்தத் திசை எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: அகச்சிவப்பு விளக்கு வைத்த மூக்குக்கண்ணாடி?

பதில்: இரவுநேர சிசிடிவியைத் திணறடிக்கும். பெரும்பாலான போன் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அங்கே பலன் குறைவு.

கேள்வி: ஃபேஷன் டிசைன் கடைசி ஆண்டு படிக்கிறேன் அக்கா. ஏஐ கேமராவை ஏமாற்றும் ஸ்வெட்டர்களை வைத்து என் கலெக்‌ஷனைச் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்க?

பதில்: நல்ல தேர்வு. இந்தத் துறையில் அலமாரி வரை வந்து சேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று, ஏனென்றால் இங்கே ஏமாற்ற வேண்டியது மனிதக் கண்ணை அல்ல, ஒரு மென்பொருளை.

2010-ல் ஹார்வியின் 'சிவி டாஸில்' முடியலங்காரமும் முகப்பூச்சும் அன்றைய முகங்காணும் மென்பொருளைக் குறிவைத்தன. கண் குழி இருட்டு, மூக்குத் தண்டு வெளிச்சம் என்ற கணக்கில்தான் அது முகத்தைத் தேடியது. கணக்கைக் கலைத்தால் முகம் தொலைந்தது. ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்கும் இன்றைய நியூரல் நெட்வொர்க்குகளிடம் அந்த அலங்காரம் எடுபடாது. 2019-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் அப்படியொரு நெட்வொர்க்கையே வைத்து ஒரு வண்ணப் பலகையைக் கணக்கிட்டு உருவாக்கினார்கள். வயிற்றின் முன் பிடித்தால், படத்தில் இருக்கும் ஆளையும் பொருளையும் கண்டறியும் யோலோ மென்பொருள் 'ஆள்' என்று கட்டம் போடவில்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அதே யோசனை ஸ்வெட்டர் ஆனது. இத்தாலியின் கேப்பபிள் நிறுவனம் அதைப் பின்னலாடையாக்கி விற்கிறது. அணிந்தவரை மென்பொருள் நாய், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று படிக்கிறது.

உங்களுக்கு மூன்று எச்சரிக்கை. ஆளைக் கண்டறிவதும் முகத்தை அடையாளம் காண்பதும் வேறு வேறு வேலைகள், ஸ்வெட்டர் முகத்தை மறைக்காது. ஒரு பதிப்புக்குக் கணக்கிட்ட வடிவம் அடுத்த பதிப்பில் தோற்கலாம். கடைசியாக, உங்கள் கையில் இருப்பது: மடிப்பு, தையல், தொய்வு எல்லாம் வடிவத்தைக் குலைக்கும். மார்பில் தையல் விழாத பேட்டர்ன் வெட்டுங்கள், வடிவத்தைப் பெரிதாக வையுங்கள், அச்சடிப்பதற்குப் பதில் பின்னிப் பாருங்கள். தேர்வாளர்கள் முன் மாடல் நடக்கும்போது பக்கத்துத் திரையில் யோலோவை ஓடவிடுங்கள். சில அடிகளில் அது ஆளைப் பிடித்துவிடும். அதையும் காட்டுங்கள்.

கேள்வி: அந்த ஸ்வெட்டர்கள் கண்ணைப் பறிக்கின்றனவே, தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே?

பதில்: பார்ப்பார்கள். வாங்குபவர்களில் பலருக்கு அதுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வெள்ளிப் பூச்சுத் துணியை வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: வேண்டாம். கையால், குளிர்ந்த நீரில், பிளீச் இல்லாமல் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், பூச்சு விரிசல் விடும். மடித்து வைக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.