வாசகர் கேள்வி–பதில்: பிரஸ் பிரேக் பஞ்ச்

கேள்வி: எங்கள் பட்டறையில் 3 மீட்டர் நீளமுள்ள 100 டன் பிரஸ் பிரேக் (தகடு வளைக்கும் மெஷின்) இருக்கிறது. 4 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் 300 மி.மீ. நீளத்துக்கு, 25 மி.மீ. விளிம்புள்ள பெட்டி ஒன்றை 16 மி.மீ. வாயுள்ள வி-டையில் (வி வடிவப் பள்ளமுள்ள கீழ் அச்சு) வளைத்தபோது கூஸ்நெக் பஞ்சின் (உடல் குடைந்த மேல் அச்சு) கழுத்தில் விரிசல் விழுந்துவிட்டது. மெஷின் திணறவே இல்லை. பஞ்ச் தரமற்றதா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். சாதாரண எம்.எஸ். தகட்டுக்கு, தடிமனின் வர்க்கத்தை 650-ஆல் பெருக்கி, டை வாயின் அகலத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் வளைப்புக்குத் தேவையான விசை கிலோநியூட்டனில் கிடைக்கும். உங்கள் வேலைக்கு அது 650 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 66 டன். 300 மி.மீ. துண்டுக்கு 20 டன் என்றால் 100 டன் மெஷினுக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் பஞ்சின் தாங்குதிறன் மீட்டர் கணக்கில்தான் குறிக்கப்படுகிறது. உங்கள் கூஸ்நெக் மீட்டருக்கு 50 டன் தாங்குவது என்று வைத்துக்கொண்டால், தகட்டை அழுத்தும் அதன் 300 மி.மீ. நீளம் தாங்கக்கூடியது 15 டன் மட்டுமே. மெஷினின் டன்னைப் பார்த்துப் பஞ்சைப் பூட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவலாக இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நேர் பஞ்சில் விசை உடலின் வழியே செங்குத்தாக இறங்குகிறது. கூஸ்நெக்கிலோ, ஏற்கெனவே மடித்த விளிம்பு இடிக்காமலிருக்க உடலைக் குடைந்து எடுத்திருப்பதால், விசை நடுக்கோட்டை விட்டு விலகிக் கழுத்தை வளைக்கப் பார்க்கிறது. எனவே ஒரே உயரமுள்ள நேர் பஞ்சைவிட அது குறைவாகவே தாங்கும்.

4 மி.மீ. தகட்டுக்குத் தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 32 மி.மீ. வாயுள்ள டையே பொருத்தம். அப்போது தேவை மீட்டருக்கு 33 டன்னாகப் பாதியாகிறது. உங்கள் துண்டுக்கு 10 டன் போதும். விளிம்பு டை வாயில் சுமார் 0.7 பங்காவது இருக்க வேண்டும். உங்கள் 25 மி.மீ. அதற்குப் போதுமானது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஏர் பெண்டிங்கில் (தகட்டை டையின் அடிவரை அழுத்தாமல் வளைக்கும் முறை) வளைவின் உள் ஆரத்தைப் பெரும்பாலும் டை வாயே தீர்மானிக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு அது வாயின் 16 சதவீதம் அளவில் வரும் என்பதால், ஆரம் 2.5 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ.க்கு மாறும், விரிப்பளவை (வளைக்கும் முன் தட்டையான தகட்டின் அளவு) மீண்டும் கணக்கிட்டுத்தான் தகட்டை வெட்ட வேண்டும்.

கேள்வி: 2 மி.மீ. எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை 88 டிகிரி பஞ்ச், 88 டிகிரி டையில் வளைக்கிறோம். எவ்வளவு அழுத்தினாலும் 90 டிகிரி வருவதில்லை.
– வாசகர், கோவை

பதில்: அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். எஸ்.எஸ். 304 வளைத்து விட்டதும் இரண்டு மூன்று டிகிரி திரும்பி விரியும். 90 கிடைக்க 87 வரை வளைக்க வேண்டும்; 88 டிகிரி டையிலோ தகடு அதற்கு முன்பே டையின் சுவரில் படிந்துவிடுகிறது. பஞ்சையும் டையையும் 85 டிகிரி அல்லது அதற்குக் குறைவான கோணத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நீளமான தகட்டில் இரு முனைகளிலும் கோணம் சரியாக இருக்கிறது, நடுவில் மட்டும் விரிந்திருக்கிறது. பஞ்ச் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு காரணங்கள் உண்டு, பிரித்தறிவது எளிது. ஒரே தகட்டிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, நடுவிலும் இரு முனைகளிலும் தனித்தனியே வளைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே கோணத்தில் வந்தால், நீண்ட தகட்டின் பாரத்தில் மெஷினின் படுக்கையும் ராமும் (பஞ்சைப் பூட்டும் மேல் பகுதி) நடுவில் வளைகின்றன என்று பொருள், கிரவுனிங்கைச் (அந்த வளைவை ஈடுகட்டும் அமைப்பு) சரிசெய்யுங்கள். நடுத் துண்டு மட்டும் விரிந்தால் அது தேய்மானம். வேலை பெரும்பாலும் நடுவிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் தொடங்கும். 16 மி.மீ. டையில் பஞ்ச் இறங்கும் ஆழம் 0.14 மி.மீ. குறைந்தாலே கோணம் ஒரு டிகிரி விரியும் என்பதால், கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோமீட்டர் வைத்துப் பஞ்சின் உயரத்தை அளக்க வேண்டும்.

பல துண்டுகளை வரிசையாகப் பூட்டும் பஞ்சில், தேய்ந்த ஒரு துண்டுக்குப் பதில் புதியதை வாங்கிப் பழைய வரிசையில் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதியது உயர்ந்து நின்று அந்த இடத்தில் தகட்டைக் கூடுதலாக அழுத்தும். 10, 15, 20, 40, 50, 200, 300 மி.மீ. துண்டுகளும் இரண்டு 100 மி.மீ. காதுத் துண்டுகளுமாக (முனையில் நீட்டியிருக்கும் பஞ்ச் துண்டுகள்) 835 மி.மீ.க்கு வரும் செட்டை முழுதாக மாற்றுங்கள். பழைய செட்டில் உயரம் ஒத்துப்போகும் துண்டுகளைச் சிறு வேலைகளுக்குத் தனியே வைத்துக்கொள்ளலாம்.