வரலாற்றுக் காதல் புனைவில் மனத்தைத் தொடும் பாத்திரங்கள் எவ்வாறு உருவாகின்றன?

மனத்தைத் தொடும் பாத்திரம் என்பது, தன் காலம் அனுமதிக்காத ஒன்றை விரும்பி, அதற்கான விலையைத் தானே செலுத்தும் பாத்திரமாகும். கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில், சிறைப்பட்ட நடனமணி சிவகாமி, தன் காதலரான பல்லவ இளவரசர் மாமல்லர் சாளுக்கியத் தலைநகரான வாதாபியை எரித்துத் தன்னை மீட்கும்வரை அந்நகரை விட்டு வெளியேறுவதில்லை எனச் சூளுரைக்கிறாள். 642-இல் பல்லவர் வாதாபியை வென்றது வரலாறு. அவள் மீண்டு வரும்போது மாமல்லர் பாண்டிய இளவரசியின் கணவராக இருப்பதும், சபதம் நிறைவேறியும் காதல் தோற்பதும் புதினம் (அதன் உயிரே அங்குதான் இருக்கிறது என்பது என் கணிப்பு). மூடி இறுகியிருப்பதால்தான் குக்கரில் ஆவியின் அழுத்தம் கூடுகிறது; அரச கடமை, குலம், போர் ஆகியவை அத்தகைய மூடிகளே. அவற்றைத் தளர்த்தி, நினைத்ததையெல்லாம் செய்ய விட்டால், பாத்திரம் பழங்கால உடையணிந்த இக்காலத்தவராகிவிடும். செந்தமிழ் உரையாடலும் அணிகலன் வருணனையும் போதுமெனப் பலர் கருதுகின்றனர். அவை காலத்தைக் காட்டுமே தவிர, மனத்தைக் காட்டுவதில்லை.